லேபிள் உரித்த சொட்டு மருந்து

அந்த மருந்துக் கடையின் சுவரில் மாட்டியிருக்கும் மருந்தாளுநர் சான்றிதழ் வேறு யாருடையதோ. முதலாளி மதியத்துக்கு மேல் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்வார், அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் அது ‘அரை டாக்டர் கடை’. அரை டாக்டர் என்பவர் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் மனிதர். பத்தொன்பது வயதில் அலமாரித் தூசி தட்ட வந்தவர், முப்பத்தாறு வருடமாக அங்கேயே நிற்கிறார். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவார். தாங்கள் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்லச் சில டாக்டர்களே அவரிடம் ஆள் அனுப்புவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று ஒருத்தி பதறிக்கொண்டு வந்தால், கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் வீடுவரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். வாய்தான் கொஞ்சம் நீளம். இருமலோடு ஒருவர் கடைப் படியேறினால், அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்திருப்பார். ‘நாடி பிடிக்காமலே கண்டுபிடிச்சிட்டீங்களே’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். மயக்கம் வரலாம், தடிப்பு வரலாம், மூச்சு முட்டலாம் என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்து மிரண்டு, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரே வாரத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். அன்றிலிருந்து அரை டாக்டர் அந்தக் காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மருந்தைக் கொடுப்பார். மாத்திரை அட்டையைப் பேர் இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டுவார். தெரிந்தவர்களுக்குச் சொட்டு மருந்து என்றால், குப்பியை வெந்நீரில் நனைத்து லேபிளை உரித்துவிட்டு, வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி அதில் ‘கண்’ என்றோ ‘காது’ என்றோ எழுதிக் கொடுப்பார். பேர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள், வேளை தெரிந்தால் போதாதா என்பார். சொந்த வீட்டிலும் அதே சட்டம்தான். ஜனங்கள் நிம்மதியாக மருந்து சாப்பிட வேண்டும், அதுதான் அவர் எண்ணம். எண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவர் குடியிருந்த வீட்டின் மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். அவரைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் அவருக்குத் தலை துவட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவள் அவள்தான். துணிகளைப் பிரித்துத் தைப்பது அவள் வேலை. பெருத்தவர்களுக்குத் தளர்த்திக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். ‘ஊரில் யார் குண்டாகிறார்கள், யார் கவலைப்படுகிறார்கள் என்று எனக்குத்தான் முதலில் தெரியும்’ என்பாள். அத்தான் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒரே மகன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனபோது தன்னுடைய நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான்.

சப்பை மூக்கும் பிதுங்கிய கண்ணும் கொண்ட குட்டை நாய் அது. அதற்கு மகன் வைத்த ஸ்டைலான பேர் அக்காவின் வாயில் நுழையவில்லை, அதனால் முழியன் என்று கூப்பிட்டாள். தையல் மிஷினின் மிதிபலகைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மிஷின் ஓடும்போது குறட்டை விட்டுத் தூங்கும், மிஷின் நின்றால் விழித்துக்கொள்ளும். அக்கா அதனோடு பேசாத பேச்சு இல்லை. மகன் போனில் கூப்பிட்டால், ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வராது. நாயிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது முழியன் வழக்கம்போலத் துடைப்பத்தைக் கடிக்கப் பாய்ந்தது. சட்டென்று ஒரு கத்தல். அதற்கப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே மிஷினுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, தண்ணீர் கொட்டியது. அக்கா கீழே குரல் கொடுத்தாள். அரை டாக்டர் கையிலிருந்த தேநீர்க் குவளையோடு மாடியேறினார். இமையைப் பிரித்துப் பார்க்கப் போனார், நாய் விடவில்லை. விடாவிட்டால் என்ன, அவருக்குத்தான் பார்க்காமலே தெரியுமே. தூசி, வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கீழே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அவர் மனைவிக்குப் போன வருடம் கண் அறுவை நடந்தபோது வாங்கிய சொட்டு மருந்தில் மீதி ஒரு குப்பி கதவுத் தட்டில் இருந்தது. பிளாஸ்டரில் ‘கண்’ என்று அவர் கையெழுத்து. மூடியைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்றுகூட யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

அக்காவுக்கு ஒரு தயக்கம். மனுஷ மருந்தை நாய்க்கு விடலாமா என்று கேட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு கால்நடை டாக்டரம்மா இருக்கிறாளே, காட்டிவிடட்டுமா என்றும் கேட்டாள். அரை டாக்டருக்குச் சுருக்கென்றது. முப்பத்தாறு வருடம் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றவனிடம், அதுவும் கூடப் பிறந்தவளே, இப்படிக் கேட்டால்? ஆனால் கோபத்தைக் காட்டாமல் சிரித்தார்.

“இது மருந்தே இல்லைக்கா. கழுவுற தண்ணி மாதிரிதான். குழந்தைக்குக்கூட விடலாம்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பின்னால் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த நேரத்தில் அது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அக்காவின் பயத்தைப் போக்க ஒரு வார்த்தை, கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை.

தம்பி சொன்னபடி அக்கா அதை மூன்று வேளை விட்டாள். மறுநாள் கண்ணின் சிவப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கேட்க வேண்டுமா? அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முழியனின் கதைதான். தலைவலி மாத்திரை வாங்க வந்த தபால்காரரை நிற்கவைத்து, மிருகத்துக்கும் மனுஷனுக்கும் கண் ஒன்றுதான் ஐயா என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். சிவப்புக் குறைந்தும் நாய் ஏன் இன்னும் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, தபால்காரரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அந்தக் கண்ணின்மேல் நீலமாக ஒரு படலம். பால் கலந்த தண்ணீர் போல இருந்தது. ஓரத்தில் பிசுபிசுவென்று பச்சையாக ஏதோ கட்டியிருந்தது. நாய் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி கடைக்குப் போயிருந்ததால், அக்கா யாரையும் கேட்காமல் நாயைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் நடந்தே போனாள். கண்ணின் மேல்தோலில் கீறல் விழுந்து புண்ணாகியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். இதுவரை என்ன விட்டீர்கள் என்று கேட்டாள். ‘கழுவுற தண்ணி மட்டும்தான்’ என்றாள் அக்கா. தம்பி அப்படித்தானே சொல்லியிருந்தான். டாக்டரம்மா ஒரு சொட்டு மருந்து எழுதி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடச் சொன்னாள். காலால் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் புனல் போல ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை கட்டாயம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த அரை டாக்டர், மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். தன்னைக் கேட்காமல் போய்விட்டாளே என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அக்கா நாயை மடியில் கிடத்தியிருந்தாள். ராத்திரி முழுக்க அலாரம் வைத்து எழுந்திருந்ததில் அவள் கண்ணும் சிவந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் இரண்டு குப்பிகள். ஒன்று டாக்டரம்மா எழுதியது. இன்னொன்று பிளாஸ்டர் ஒட்டியது.

“ஒவ்வொரு தடவையும் உன் தண்ணியில கழுவிட்டுத்தான் அவங்க மருந்தை விடறேன்,” என்றாள் அக்கா. “சுத்தமா இருக்கணும்ல.”

ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஏன் என்று அப்போது அவரால் சொல்ல முடியவில்லை. கழுவியது போதும், குப்பியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மனைவி சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்களே, ஃப்ரிட்ஜில் மீதி இருந்தது அதில் எது என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

“கடைசிவரைக்கும் போட்டதுங்க. முதல் வாரம் ஆறு வேளை, அப்புறம் நாலு, மூணு, ரெண்டுன்னு குறைச்சுக்கிட்டே வந்தோமே, அது. இன்னொண்ணுதான் பத்து நாள்ல தீர்ந்துபோச்சே.”

வாராவாரம் குறைத்துக்கொண்டே வருகிற சொட்டு மருந்து எது என்று அரை டாக்டருக்குத் தெரியாதா? ஸ்டீராய்டு. சிவப்பை ஒரே நாளில் அடக்கும், புண்ணை ஆறவிடாது. கண்ணில் அடிபட்டு வருகிறவர்களுக்கு அதைச் சீட்டு இல்லாமல் கொடுத்துவிடாதே என்று கண் டாக்டர் ஒருவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தெரியாமல் செய்ததென்றால் மனசு ஆறும். இது தெரிந்த விஷயம், அவர் கையாலேயே பேரை உரித்துப் போட்டுவிட்டுத் தெரியாததாக்கிக்கொண்ட விஷயம். மூன்று நாளாக மூன்று வேளை. நேற்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அக்கா தூக்கம் கெட்டு, அலாரம் வைத்து, அதை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதே மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். பதினெட்டுப் படிதான். மனிதர் ஓடவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பியைத்தான் எடுத்துவிட்டோமே, இனிமேல் டாக்டர் மருந்து வேலை செய்யும், புண் ஆறிவிடும், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடப்பாவி மனுஷா, நாயைப் பற்றிய நினைப்பா உனக்கு அப்போது? அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற நினைப்புத்தான். கடைக்குத் திரும்பிப் போய், பேய் அறைந்தவர் போல நின்றார். ஜுரத்துக்கு மாத்திரை கேட்டவரிடம், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். கேட்டவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் கூடப் போனார். நான் நாயைத் தூக்கிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். முழியன் அந்தப் புனலுக்குள்ளிருந்து அவர் கையை நக்கியது. அந்த நாய்க்கு அவர்மேல் எப்போதும் தனிப் பிரியம். கடையிலிருந்து வரும்போது பாக்கெட்டில் ரொட்டித் துண்டு கொண்டுவருவாரே, அதனால்.

டாக்டரம்மா வயதில் சின்னவள், பேச்சும் குறைவு. புண்ணைக் காட்டிக்கொடுக்கும் ஆரஞ்சு நிறச் சாயத் தாள் துண்டு ஒன்றை நனைத்துக் கண்ணின் ஓரத்தில் தொட்டாள், அறை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கு அடித்துப் பார்த்தாள். கண்ணின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் பச்சையாக மின்னியது. முந்தாநாள் மேலோட்டமாக இருந்தது, இன்று இவ்வளவு ஆழமாகிவிட்டதே என்றாள். விளக்கைப் போட்டாள்.

வேறு எதுவும் கண்ணில் விடவில்லையே என்று மறுபடியும் கேட்டாள்.

“இல்லைம்மா. தண்ணி மட்டும்தான்,” என்றாள் அக்கா.

அப்படியானால் இது பூஞ்சையாக இருக்கலாம், புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், மருந்தை மாற்றி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். அரை டாக்டர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள். முப்பத்தாறு வருடம் சீட்டுகளைப் படித்தவர், தன் வாயிலிருந்து வந்த பொய் சீட்டில் ஏறுவதை எதிரில் நின்று பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

“டாக்டரம்மா, அது தண்ணி இல்லை. என் சம்சாரத்துக்குக் கண் ஆபரேஷனுக்கப்புறம் கொடுத்தது. ஸ்டீராய்டு. நான்தான் தண்ணின்னு சொல்லிக் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் படிக்க என்ன இருந்தது, ‘கண்’ என்பதைத் தவிர? பேர் என்ன, எவ்வளவு வீரியம் என்று கேட்டாள். அவர் சொன்னார். எத்தனை தடவை விட்டீர்கள் என்று கேட்டாள். அதற்கு அக்காதான் பதில் சொன்னாள், விரல் விட்டு எண்ணி, குரல் மாறாமல். எண்ணி முடித்ததும் நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் கண் வெடித்திருக்கும், இன்றைக்கே அறுவை செய்ய வேண்டும் என்றாள் டாக்டரம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. உள்ளே போகுமுன் அக்காவைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

“இனிமே இதுக்குக் கண்ணு சிவந்தாலோ, தண்ணி வந்தாலோ, மூடிக்கிட்டாலோ சுத்தமான சலைன் ஊத்திக் கழுவுங்க, தேய்க்கவிடாம வளையத்தை மாட்டுங்க, அன்னிக்கே தூக்கிட்டு வாங்க. மனுஷங்களுக்கு வாங்கினது ஒரு சொட்டுகூட வேண்டாம். அது என்னன்னு யார் சொன்னாலும் சரி.”

வெளியே மரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு பெண்மணி பூனைக் கூடையோடு இருந்தாள். அக்கா மடியில் வெறும் போர்வையை மடித்து வைத்திருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்து மத்தியானம்,” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் காதைப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வருகிற அக்கா அவள். இன்றைக்கும் காதைப் பிடித்திருந்தால் அவர் கொடுத்திருப்பார், இரண்டு காதையும்.

கண் விழி தங்கிவிட்டது, பார்வை தங்கவில்லை. வெளிச்சம் இருட்டு தெரியலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள் டாக்டரம்மா. முழியன் வீட்டுக்கு வந்து, இடது பக்கமிருந்த மேசைக் காலில் மோதியது, மிஷினில் மோதியது, பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து நடக்கக் கற்றுக்கொண்டது. அரை டாக்டர் தினமும் மாடிக்குப் போனார். அக்கா எப்போதும்போல, வா தம்பி, உட்காரு, டீ குடிக்கிறியா என்பாள். கடையில் கூட்டமா என்பாள். நாய்க்கு மருந்து விடும் நேரம் வந்தால், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, குப்பியைப் பார்த்து, மறுபடியும் காகிதத்தைப் பார்த்துவிட்டு விடுவாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவர் கையில் டீ ஆறிப்போகும். நாய் மட்டும் அவர் காலடியில் வந்து, ரொட்டித் துண்டுக்காக வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். குனிந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, வரிசையில் மூன்றாவது ஆளாக அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கடைக்கு வந்ததே கிடையாது. அவளுக்கு வேண்டியது எல்லாம் அவர் சட்டைப் பையில்தான் மாடியேறும். அவர் பதறி, என்னக்கா, உள்ளே வாயேன் என்றார். முன்னால் நிற்கிறவர்களை அனுப்பு என்று அவள் கையைக் காட்டினாள். தன் முறை வந்ததும் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். வெட்டிய அட்டைகள், பாதி, கால், ஒற்றை மாத்திரைகள். இத்தனை வருடமாக அவர் கொடுத்து மிஞ்சியவை.

“இதுல எது எதுக்குன்னு எழுதிக் கொடு. பேரும் எழுது.”

அவர் காகித உறைகளை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற தபால்காரர், இன்னும் இரண்டு பேர், மின்விசிறிக்குக் கீழே முதலாளி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். இது பிரஷருக்கு. இது முட்டி வலிக்கு. இது வயிற்று எரிச்சலுக்கு. வண்ணத்தைப் பார்த்தும், அட்டையைத் தடவியும், விளிம்பில் ஒட்டியிருந்த ஓரெழுத்து ஈரெழுத்தை வைத்தும் பேர்களைக் கண்டுபிடித்து எழுதினார். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. மூன்று மாத்திரை, வெளிர் மஞ்சள், நான்கு பக்கமும் ஒட்ட வெட்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாதிரி மஞ்சளில் அங்கே குறைந்தது ஆறு மாத்திரை உண்டு, ஆறும் ஆறு விதம். ஒரு பேரை எழுதிவிட்டிருந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

“தெரியலைக்கா,” என்றார்.

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

“பத்து கொடுத்தே. ஏழு போட்டுட்டேன்,” என்றாள். பிறகு அதைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். “சரி, அதையே எழுது.”

அவர் கடைசி உறையில் மாத்திரைகளைப் போட்டு, அதன்மேல் ‘தெரியாது’ என்று எழுதி, அக்காவிடம் கொடுத்தார்.